சுத்தமான சேறு

என் மாமியார் இராஜம்மாவுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, வரிசைக்கு வெளியே முளைக்கிற செடி. இன்னொன்று, மகள் வீட்டுச் சோறு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட எரிச்சலைச் சொன்னால், மாப்பிள்ளைக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லட்டும்.

அத்தை ஜெராம் ஊருக்குப் பக்கத்தில், கடலோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் களையெடுக்கும் வேலை பார்த்தார். சிறுமியாக இருந்தபோதே கையில் ஏறிய வேலை. மரத்தடியில் ஒரு புல் நின்றாலும் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் காளியண்ணன் திட்டுவார். தோட்டத்துத் துரை சுற்றிப் பார்க்க வருகிற நாளில் தரை கழுவித் துடைத்தது போல இருக்க வேண்டும். அது ஊறிப்போய், ரவாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் குனிந்து நாலு புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்தாலும் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார். என் மனைவி ரமணி சமைத்து வைத்தால், பசியில்லை என்பார். மாமா இறந்த பிறகும் தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், அந்த லயத்தில், கடைசி வீட்டில், கடலுக்கு மிக அருகில், தனியாகவே இருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனை தடவை அழைத்திருப்போம். ஒரே பதில்தான்.

"எனக்குன்னு ஒரு கதவு இருக்கு மாப்பிள்ளை. அது இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுல வந்து உக்கார மாட்டேன்."

உங்க வீடு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன அவரை வாசலில் நிற்க வைத்தேனா?

எண்பத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு முதல் நாள், கடல் தோட்டத்துக்குள் வந்தது. அமாவாசையை ஒட்டி தீபாவளி வருவதால் அந்த வாரம் கடல் ஏற்றம் எப்போதுமே அதிகம். ஆனால் முன்பெல்லாம் மண்கரைக்கு வெளியே, கடற்சேற்றில் வேரூன்றி வளர்கிற பாக்காவ் மரங்கள் காடாக நின்றன. அலை அதற்குள் நுழைந்து வரும்போதே பாதி வலு போய்விடும். கரிச் சூளைக்கும், கட்டட அஸ்திவாரத்துக்கு அடிக்கிற கழிக்கும் என்று அந்தக் காட்டை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். வெறும் சேறுதான் மிச்சம். அலை நேராக வந்து மோதிக் கரையை உடைத்தது. லயத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பலகாரத்துக்கு இடித்து வைத்த மாவெல்லாம் உப்புத் தண்ணீரோடு போயிற்று. நிர்வாகம் கரையை அடைத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தது. இன்னொரு முறை உடைந்தால் லயத்தை இடித்துவிடுவோம், ஆட்களை உள்ளே தள்ளி இருக்கிற செரண்டா பக்கம் மாற்றுவோம், வயதானவர்கள் வேலையை விட்டுப் போகலாம் என்றது. அத்தை வயதானவர்களில் சேர்த்தி.

வேறு யாராக இருந்தாலும் மகளிடம் வந்து சேர்ந்திருப்பார்கள். அத்தை காடு வளர்க்கப் போனார்.

பாக்காவ் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். சேற்றில் குத்தி வைத்தால் வேர்விடும். கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில் மிஞ்சி நின்ற மரங்களடியில் அதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவோம். நான் லோரி ஓட்டுகிறவன், ஆகவே வாகனம் இலவசம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததையே மறந்தேன். அத்தை சேற்றில் இறங்கி, இரண்டு முனையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, செம்பனைக் கன்றுக்கு விடுவது போலவே தாராளமாக இடம்விட்டு வரிசை வரிசையாக நட்டார். ஒரு காய் கயிற்றை விட்டு விலகினாலும் பிடுங்கி மறுபடி நடச் சொல்வார். தொடை வரைக்கும் சேற்றில் நின்றுகொண்டு நான் நேர்கோடு பார்த்தேன்.

அலை பாதியைக் கொண்டுபோகும். மீதியை நண்டு கடிக்கும். மறுபடி நடுவார். நின்ற கொஞ்சத்துக்கு நடுவே வேறு ஒரு கன்று தானாக முளைத்தது. மலாய்க்காரர்கள் அதை அப்பி அப்பி என்பார்கள். சின்ன இலை, சேற்றிலிருந்து பென்சில் முனை போல எட்டிப் பார்க்கும் வேர். யாரும் நடாமல், கயிறும் குச்சியும் இல்லாமல், கோணல்மாணலாகப் பரவியது. அத்தை சும்மா இருப்பாரா? நட்ட கன்றின் சத்தையெல்லாம் அது தின்றுவிடும் என்று ஒன்றுவிடாமல் பிடுங்கினார். தோட்டத்து வேலை முடிந்து வந்து தினமும் பிடுங்கினார்.

ஒரு நாள் ஜெராம் மீனவர் மூசா, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர், நின்று பார்த்தார். "பியார் லா, மக்சிக்" என்றார், விட்டுவிடு அம்மா என்று. இதுதான் முதலில் வரும், சேற்றைப் பிடித்து மேடாக்கும், பாக்காவ் அதற்குப் பின்னால் தானே வரும் என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவர் நகர்ந்ததும், "மீன் புடிக்கிறவருக்கு நடவு பத்தி என்னா தெரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கன்றைப் பிடுங்கினார்.

துரை ஒருமுறை கரைமேல் ஜீப்பில் வந்தவர் இறங்கிப் பார்த்தாராம். சேறுகூட இவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமா என்று காளியண்ணனிடம் பாராட்டினாராம். அதை அத்தை சொல்லிச் சொல்லி, ரமணிக்கே காது புளித்துவிட்டது.

எண்பத்தைந்து தீபாவளி அன்று விடியற்காலை, எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோது கரை மறுபடி உடைந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை புதுச் சேலையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. கயிறு கட்டிய குச்சியும் இல்லை. நிர்வாகம் சொன்னபடியே லயத்தை இடித்தது. அத்தை கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் வீட்டுக் கதவை நான் கழற்றி லோரியில் ஏற்றினேன். அத்தையும் எங்களோடு வந்தார். எங்கள் வீட்டுப் பின்சுவரில் அதைச் சாய்த்து வைத்தோம்.

அத்தனை நாள் சேற்றில் கிடந்து உழைத்ததற்கு மிச்சம் ஒரு கதவு. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. காட்டை வெட்டியவன் எங்கோ இருந்தான், லயத்தை இடித்தவர்கள் எங்கோ இருந்தார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் அத்தை மட்டும்தான். அவரோ தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். உங்க ரேடியோ சத்தமா இருக்கு என்பார். உங்க குழாய் ஒழுகுது என்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மறு வருஷம் ஜெராமுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது தானும் வருவதாகச் சொன்னார். லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். கரைமேல் நடந்தோம். உடைந்து அடைத்த இடத்தைத் தாண்டினால் தோட்டத்து எல்லைக்கல். அதற்கு அப்பால் அரசாங்க நிலம். தோட்டத்து ஆள் அங்கே கை வைக்கக்கூடாது என்று அத்தை அந்தப் பக்கம் ஓர் இலையைக்கூடத் தொட்டதில்லை. அங்கே அப்பி அப்பி ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. அதன் காலடியில் சேறு மேடாகியிருந்தது. அந்த மேட்டுக்குப் பின்னால் பழைய மண்கரை ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் வழவழவென்று வெறும் சேறு.

அத்தை வெகுநேரம் கல்லருகே நின்றார்.

"நான் புடுங்கிப் போட்டதுதான் கரையைக் காத்திருக்கும்" என்றார். பிறகு, "மூசா சொன்னாரு" என்றார்.

இல்லை அத்தை, அன்றைக்கு வந்த அலைக்கு எது இருந்தாலும் உடைந்திருக்கும் என்று ஏதோ சொன்னேன். பொய் என்று இருவருக்குமே தெரியும். அவர் காலடியில், கரைமேல், ஒரு புல் நின்றது. அதைப் பார்த்தார். குனியவில்லை.

லோரியில் ஏறி உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுக்குப் போவலாம் மாப்பிள்ளை. ரமணி சோறாக்கி வச்சிருக்கும். அந்தக் கதவை யாருக்காவது குடுத்துடுங்க."

நம்ம வீடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட சொல் அது. கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்தது. உங்க வீடு என்றே அவர் சொல்லியிருக்கலாம்.