கொன்ரெய்னரில் போகாத வள்ளங்கள்

1. மூன்றாவது கொட்டேஷன்

“சும்மா வள்ளம் குடுக்கப்போற ஆக்கள் என்னட்டை என்னத்துக்கு விலை கேக்கிறியள்?”

ரெலிபோனின் அந்தப் பக்கத்தில் இருந்த பெண் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவள் பெயர் ஜசிந்தா. மன்னார்க் கரையில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறை வைத்திருந்தாள். நான் ரொறன்ரோவில், பிற நாடுகளுக்கு உதவி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பகுதியில் இருந்தேன். எந்தச் சாமானை எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்று பார்ப்பதுதான் என் வேலை. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டைக் கனடாக் கம்பனிகளிடம் எடுத்தாயிற்று. மூன்றாவதை ஊர்ப்பக்கம் எடுத்து வைப்போமே என்றுதான் அவளுக்குப் போன் எடுத்தேன்.

“மெற்றில்டா அன்ரிக்குக் கோபம் மூக்கு நுனியிலை” என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. அதிலும் நான் மன்னார்க்காரி. ஒரு மன்னார்ப் பெட்டை என்னிடம் எடுத்தெறிந்து பேசினால் சும்மா விடுவேனா?

“தங்கச்சி, விலை கேட்டா விலையைச் சொல்லும். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லும். ஏன் விழுந்து கடிக்கிறீர்?” என்றேன்.

“கடிக்காமல் என்னக்கா செய்ய? புயலிலை வள்ளம் உடைஞ்ச சனம் என்னட்டைத்தான் ஓடர் தந்து அட்வான்ஸும் கட்டினது. போன மாசம் உங்கட ஆக்கள் வந்து பனர் கட்டி, கனடாவிலயிருந்து வள்ளம் இலவசமா வருதெண்டு மைக்கிலை சொல்லிப்போட்டுப் போயிட்டினம். அடுத்த நாளே எல்லாரும் அட்வான்ஸைத் திருப்பித் தா எண்டு வாசல்லை நிண்டவை. சும்மா வாறதை விட்டிட்டு ஆரக்கா என்னட்டை வாங்குவினம்?”

நாங்கள் இன்னும் ஒரு வள்ளம்கூட வாங்கவில்லை. எந்த வள்ளமும் கப்பலேறவில்லை. அறிவிப்பு மட்டும்தான் போயிருந்தது. அந்த அறிவிப்பே அங்கே ஒரு தொழிலைப் படுக்க வைத்துவிட்டது.

ஜசிந்தா நீர்கொழும்பில் ஒரு வள்ளத் தொழிற்சாலையில் வேலை பழகியவள். ஊருக்குத் திரும்பி, தம்பியோடு சேர்ந்து சொந்தமாக அச்சுப் போட்டு வள்ளம் கட்டத் தொடங்கியிருந்தாள். அக்காவும் தம்பியுமாக இன்னும் சிலருக்கு வேலை கொடுத்தார்கள். கோபம் கொஞ்சம் அடங்கியதும் அவள் சொன்னாள்: “இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடர் இல்லாட்டிப் பெடியள் கட்டாருக்கு உழைக்கப் போயிடுவாங்கள். இந்த வேலை பழக்கி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவங்கள் போனா நான் ஆரை வைச்சுக் கட்டுறது? கதவை இழுத்து மூடவேண்டியதுதான்.”

“சரியான விலையைப் போட்டு அனுப்பும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன், என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று. அன்று வேலை முடிந்து அஜக்ஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் கோ ட்ரெயினில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உதவி செய்கிறோம் என்று மார்தட்டிக்கொள்ளும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறேன். அந்த உதவி இறங்கும் இடத்திலேயே ஒருத்தியின் அடுப்பு அணையப் போகிறது.

2. தானமா, வட்டிக்கடையா

இந்தத் திட்டத்துக்குப் பணம் தந்தவர் யூனியன்வில்லில் இருக்கும் சிவஞானம் அண்ணை. வீடு கட்டி விற்கும் தொழில். நல்ல மனிதர், தாராளமான கை. ஆனால் எங்கள் சனத்துக்கு உதவி என்றால் ‘கையளிப்பு’ என்று ஒன்று இருந்தாக வேண்டும். பனர், மாலை, குத்துவிளக்கு, கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அண்ணை இங்கேயே வள்ளங்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் தன் அப்பாவின் பெயரை எழுதி, கொன்ரெய்னரில் ஏற்ற வேண்டும் என்றார். வழியனுப்பும் விழாவுக்கு ஸ்காபரோவில் மண்டபமும் பார்த்துவிட்டார்.

திட்டத்துக்குப் பொறுப்பு எங்கள் மனேஜர் அபி. இங்கே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“அன்ரி, ஐ கெட் இற். ஆனா அந்தப் பட்டறைக்கு சேர்ட்டிபிக்கேட் ஒண்டும் இல்லை. நாளைக்கு ஒரு போட் கடலிலை மூழ்கினா ஆர் ரெஸ்பொன்சிபிள்? எங்கட டிரெக்ரர்ஸ் போர்ட் இதை அப்ரூவ் பண்ணாது,” என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். கடலுக்குப் போகிற உயிருக்கு யாராவது பொறுப்புச் சொல்ல வேண்டும். “அப்ப டெஸ்ட் பண்ணிப் பாப்பம். பாஸ் பண்ணினா?” என்று கேட்டேன். “பாஸ் பண்ணினா ஐ வில் ஃபைற் ஃபோர் இற்,” என்றாள்.

மறுபடி ஜசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். டெஸ்ட் பாஸானால் வள்ளங்களை அவளிடமே வாங்கி மீனவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப் பார்க்கலாம் என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“அதுவும் வேண்டாமக்கா.”

“என்ன வேண்டாம்?”

“நீங்கள் இந்த வருசம் என்னட்டை வாங்கிச் சும்மா குடுப்பியள். வாற வருசம்? சனம் அடுத்த கனடாவைப் பாத்துக்கொண்டு கரையிலை குந்தியிருக்கும். காசைக் கடற்றொழிலாளர் சங்கத்திட்டைக் குடுங்கோ. சங்கம் ஆக்களுக்குக் கடனாக் குடுக்கட்டும். அவை விரும்பின இடத்திலை வாங்கட்டும். என்னட்டை வந்தா வரட்டும், வராட்டி என்ர வள்ளம் சரியில்லையெண்டு அர்த்தம். மீன் வித்துத் திருப்பிக் கட்டுற காசிலை அடுத்த ஆளுக்கு வள்ளம் போகும்.”

“கூப்பிட்டு ஓடர் தாறன் எண்டா, எனக்கே பாடம் நடத்திறீரோ? உமக்கு எவ்வளவு திமிர்!”

“திமிர் இல்லாட்டி இந்தத் தொழில் செய்யேலாதக்கா,” என்று சிரித்தாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு அவளை நன்றாகப் பிடித்துப்போனது. என்னைப்போலவே ஒருத்தி.

சிவஞானம் அண்ணைக்கு இதைச் சொல்வதற்கு யூனியன்வில் போனேன். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தங்கச்சி, நான் தானம் செய்ய வந்தனான். வட்டிக்கடை வைக்க வரேல்லை!”

“வட்டி ஒருத்தரும் கேக்கேல்லையண்ணை. உங்கட காசு ஒருக்காக் குடுத்து முடியாமல் சுத்திச் சுத்தி வரும். ஒரு வள்ளத்துக்குக் குடுத்தது பிறகு இன்னொரு வள்ளமாகும். வள்ளம் கட்டுறவைக்கும் அங்கையே வேலை இருக்கும்.”

“அங்கை கட்டுற வள்ளத்தை நம்பி ஆர் கடலுக்குப் போறது? என்ர அப்பான்ர பேரோடை ஒரு வள்ளம் தாழுதெண்டா நான் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?”

“அந்த வள்ளத்துக்கு ஒரு டெஸ்ட் வைக்கிறம். எங்கட அலுவலகத்துக்கு நீங்களே வந்து பாருங்கோ,” என்றேன்.

3. தண்ணீர் நிரப்பிய வள்ளம்

டெஸ்ட் நடந்த அன்று ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையிலேயே எங்கள் கூட்ட அறையில் பெரிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டோம், அபி, சிவஞானம் அண்ணை, நான். அங்கே பின்னேரம். கடல் அமைதியாகக் கிடந்தது. அபி கொழும்பிலிருந்து ஒரு படகுப் பொறியியலாளரை ஏற்பாடு செய்திருந்தாள். எங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். அவர்தான் வீடியோவில் ஒவ்வொன்றாக விளக்கினார்.

பைபர் வள்ளத்தின் இரண்டு முனையிலும் இருக்கைகளுக்குக் கீழேயும் நுரை அடைத்த பெட்டிகள் இருக்கும். வள்ளம் தண்ணீரால் நிரம்பினாலும் அவைதான் அதை மிதக்க வைக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் கை வைப்பதும் அந்த நுரையில்தான். வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீரை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஜசிந்தாவின் தம்பி பம்பைப் போட்டு வள்ளத்துக்குள் கடல் தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். வள்ளம் மெல்ல மெல்ல இறங்கியது.

“தாழுது, தாழுது!” என்று சிவஞானம் அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

எங்கள் மன்னார் மடுமாதாவே என்று வேண்டி, கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. வள்ளத்துக்குள்ளும் தண்ணீர், வெளியிலும் தண்ணீர். அந்த இடத்தில் வள்ளம் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

“இனிப் பாரம் வைக்க வேணும். மணல் மூட்டையைக் கொண்டுவாங்கோ,” என்றார் பொறியியலாளர்.

“மூட்டை என்னத்துக்கு ஐயா?” என்ற ஜசிந்தாவின் குரல் கேட்டது. ஆளைப் பார்த்தால், சட்டையைச் செருகிக்கொண்டு வள்ளத்துக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் தம்பி இறங்கினான். பிறகு பட்டறைப் பெடியன்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். முழங்காலளவு தண்ணீரில் எல்லோரும் நின்றார்கள். வள்ளம் ஆடியது, அமிழ்ந்தது, பிறகு நிதானமாக மிதந்தது.

“அக்கா, பாத்தியளே?” என்று கமராவைப் பார்த்துக் கத்தினாள். “எனக்கு நீந்தவும் தெரியாது!”

அபி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, பெருமையில் வந்த அழுகை.

சிவஞானம் அண்ணை திரும்பக் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் இஞ்சை வந்த புதிசிலை முதல் முதலாக் கட்டினது ஒரு பல்கனி,” என்று மெதுவாகத் தொடங்கினார். “இத்தாலியன் ஒருத்தன்ர வீடு. அவன் என்னை நம்பேல்லை. நான் என்ன செய்தனான் தெரியுமோ? என்ர மனுசியையும் கூட்டிக்கொண்டுபோய் ரெண்டுபேருமா அந்தப் பல்கனியிலை ஏறி நிண்டனாங்கள். பிறகுதான் அவன் அடுத்த ஓடர் தந்தவன். எனக்கு இஞ்சை ஆரும் சும்மா ஒண்டும் தரேல்லைத் தங்கச்சி. ஓடர்தான் தந்தவை. அதிலைதான் நான் எழும்பினனான்.”

கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு, “காசைச் சங்கத்துக்கு அனுப்புங்கோ,” என்றார்.

“அப்ப அப்பான்ர பேர், அங்கிள்?” என்று அபி கேட்டாள்.

“கடன் கட்டுறவன் தன்ர வள்ளத்துக்குத் தான் பேர் வைக்கட்டும் பிள்ளை.”

அபி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். போர்ட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள். மண்டபம் கான்சலானது, கொன்ரெய்னரும் கான்சலானது. சில மாதங்களில் போட்டோக்கள் வந்தன. ‘புனித அந்தோனியார்’, ‘மடுமாதா’, ‘செபஸ்தியார் துணை’ என்று வரிசையாக, மீனவர்கள் கடன் எடுத்து ஜசிந்தாவிடம் கட்டுவித்த வள்ளங்கள். கொண்டுபோய்க் காட்டினேன். “என்ர காசிலை அந்தோனியாரோ!” என்று அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அந்தோனியார் வள்ளத்தின் போட்டோ இப்போதும் அவருடைய கந்தோரில், மேசைக்கு மேல் சுவரில் இருக்கிறது.

4. கதவுக்கு வெளியே

எல்லாம் வழுவழுவென்று ஓடியது என்று எழுதினால் அது பொய். ஓரிருவர் கடனைக் கட்டாமல் இழுத்தடித்தார்கள். சங்கத்தில் ஒருமுறை கதிரை பறந்ததாகவும் கேள்வி. ஆனால் காசு சுற்றியது. பட்டறைக்குப் பக்கத்தில் ஒருவர் எஞ்சின் திருத்தும் கடை போட்டார். அதற்குப் பக்கத்தில் வலைக்கடை வந்தது. கட்டாருக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்த பெடியன் ஒருவன் ஜசிந்தாவிடம் மேற்பார்வையாளர் ஆகிவிட்டான். இதில் எதையும் நாங்கள் திட்டமிடவில்லை. வேலை நடக்கிற இடத்தைத் தேடி வேலை வந்தது, அவ்வளவுதான். அதே காசில் கொன்ரெய்னர் போயிருந்தால் அந்தக் கரையில் வள்ளம் மட்டும்தான் இருந்திருக்கும்.

அதன்பிறகு எந்த நாட்டுக்கு எதை அனுப்பச் சொன்னாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: “அங்கை இதை ஆர் செய்யினம்?” அபி முதலில் கண்ணை உருட்டுவாள். பிறகு, நான் வாயைத் திறக்க முன்னரே அவளே கேட்கத் தொடங்கிவிட்டாள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் விட்டுச்செல்வதும் அந்தக் கேள்வியைத்தான். பதில் கிடைக்கும்வரை பனர் கட்டாதீர்கள்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னர், இன்னொரு நாட்டின் தீவுக் கரைக்கு வள்ளங்கள் தேவைப்பட்டன. அந்த நாட்டில் வள்ளம் கட்டுவோர் இல்லை என்று விசாரித்து உறுதி செய்த பிறகு, வெளியே ரெண்டர் போட்டோம். பல நாட்டுக் கம்பனிகள் விலை அனுப்பின. உறைகளைப் பிரிக்கும்போது ஒன்றில் ஜசிந்தாவின் பட்டறைப் பெயர். நான் உடனே எழும்பிவிட்டேன்.

“எனக்கு இவையைத் தெரியும். நான் இதிலை இருக்கேலாது,” என்று சொல்லி அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

தாழ்வாரத்தில் நின்று என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. கதவில் காதை வைக்கக் கை கால் பரபரத்தது. வைக்கவில்லை. கடைசியில் அபி வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“தே வொன், அன்ரி. விலையிலையும் அவைதான், டெஸ்ட் ரிப்போர்ட்டிலையும் அவைதான். ஒருத்தரும் ஆர்கியூ பண்ணேல்லை.”

அடுத்த நாள் காலை அஜக்ஸ் ஸ்டேஷனில் ட்ரெயினுக்கு நிற்கிறேன், போன் அடித்தது.

“அக்கா, ஓடர் எங்களுக்குத்தானெண்டு ஈமெயில் வந்திருக்கு. நீங்கள்தானே சொல்லி எடுத்துத் தந்தனீங்கள்?”

“இல்லை. நான் அறைக்கு வெளியிலை நிண்டனான். ஒரு வார்த்தை சொல்லேல்லை.”

“சும்மா சொல்லாதேங்கோ.”

“மடுமாதாவறிய உண்மை.”

“அப்ப... நாங்களாவே எடுத்ததோ?”

“நீங்களாவே எடுத்தது.”

அவள் போனை வைக்காமலே உள்ளே ஓடியிருக்க வேண்டும். பட்டறையில் மெஷின் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் கேட்டது. என்னுடைய ட்ரெயின் வந்தது, கதவு திறந்தது. நான் ஏறவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவளுடைய குரல் கணீரென்று வந்தது:

“எடேய், எல்லாரும் இஞ்சை ஓடி வாங்கோடா! இதை ஒருத்தரும் எங்களுக்குத் தரேல்லையாமடா! நாங்கள் எடுத்ததாம்!”