நிரோவின் டிரெய்லருக்கு நான் எழுதிய கருத்து

இன்று காலை ஹட்டன் பஸ்ஸில் நிரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊடகப் பாடத்துக்காக நாங்கள் ஆளுக்கொரு பேய்ப்படம் எடுக்கிறோம்.

போன வாரம் வகுப்பில் எல்லா டிரெய்லர்களையும் போட்டுக் காட்டி, பெயர் போடாமல் கருத்து எழுதச் சொன்னார்கள்.

அவளுடையதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பூட்டிக் கிடக்கும் ஒரு காம்பரா அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான். இசைதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது என்று நினைத்தேன். அதனால் வேண்டுமென்றே எழுதினேன்: "இசை சகிக்கவில்லை. முழுவதையும் எடுத்துவிடுங்கள்."

இன்று பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த ஓர் அக்காவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டு, புதிய டிரெய்லரைக் காட்டினாள். இசையே இல்லை. தட்டும் சத்தம் மட்டும்.

அக்கா "ஐயோ!" என்று கத்தி ஃபோனை என் மடியில் போட்டார்.

"ஏம்மா, எங்க பக்கத்துக் காம்பராவும் பூட்டித்தானே கிடக்கு! இனி நான் எப்பிடி வீட்டுக்குப் போறது?"

நிரோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மியூசிக்க எடுங்கன்னு யாரோ எழுதியிருந்தாங்கடி. அவங்க நல்லா இருக்கணும்."

என் டிரெய்லருக்கு எல்லாருமே "சூப்பர்" என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பி நான் ஒரு நொடியைக்கூட மாற்றவில்லை. அக்கா அதையும் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் கொட்டாவி விட்டார்.

நிரோ, எழுதியது நான்தான். நல்ல எண்ணத்தில் எழுதவில்லை.

மற்றவர்களுக்கு: என் டிரெய்லரின் லிங்க் கீழே இருக்கிறது. என்மேல் பொறாமை உள்ளவர்கள் மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்.