குழாய் சொட்டட்டும் என்றார்கள்

டெக்சஸ்காரர்கள் குளிருக்குப் பயப்படுவதைப் போலக் கேவலமான காட்சி உலகத்தில் கிடையாது என்பது அப்போது என் கருத்து. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வீடு வாங்கிய முதல் ஜனவரி. இன்று இரவு உறையும் என்று டிவியில் சொன்னதுதான் தாமதம், தெருவே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. செடிகளுக்குப் பெட்ஷீட் போர்த்தினார்கள். வாசல் குழாய்களுக்குப் பழைய துண்டால் தலைப்பாகை கட்டினார்கள். மாட்டைக் கயிறு வீசிப் பிடிப்போம் என்று பீற்றிக்கொள்ளும் ஆறடி ஆசாமிகள், முட்டி போட்டுக் குழாய்க்கு டேப் ஒட்டுவதை நான் ஜன்னலருகே காபியோடு நின்று ரசித்தேன்.

நான் நியூ ஜெர்சியில் நான்கு குளிர்காலம் பார்த்தவன். பார்த்தவன் என்பதுதான் சரியான சொல். பிஸ்கட்டவேயில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி அபார்ட்மென்ட். பனி அள்ளியது, பாய்லரைக் கவனித்தது எல்லாம் வேறு யாரோ. நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். அந்தத் தகுதியோடு டெக்சஸுக்கே பாடம் எடுக்கத் தயாராக இருந்தேன்.

மறுநாள் ஞாயிறு, மனைவிக்கு வளைகாப்பு. அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை; மதுரையிலேயே நின்றுவிட்டார். இரண்டு நாள் அழுதுவிட்டு, "யாரும் வராட்டி என்ன, நானே நடத்திக்கறேன்" என்று ஐந்து வகை சாதத்துக்குப் பட்டியல் போட்டு, முப்பது பேரை அழைத்திருந்தாள். அந்த ஒரு காலைப்பொழுது பிசகாமல் நடக்க வேண்டும், என்னிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். நாகர்கோவில்காரர், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர், கேட்டியில் பல வருஷம்.

"தம்பி, இங்க பைப் எல்லாம் மேல அட்டிக்ல, கூரைக்குள்ளதான் ஓடுது. டேப்ப லேசா தொறந்து விட்டிருங்க. விடிய விடிய சொட்டிக்கிட்டே இருக்கணும். ஓடுற தண்ணி லேசுல உறையாது."

"அங்கிள், நாங்க ஜெர்சியே பாத்தவங்க."

"ஜெர்சியில பைப் எங்க ஓடுச்சு?"

அங்கே பைப் என்று ஒன்று இருந்ததே அவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சிரித்து மழுப்பி அனுப்பிவைத்தேன்.

மனைவி குழாய்களைச் சொட்ட விட்டாள். நானோ மெட்ராஸில் லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன். சொட்டுகிற சத்தம் கேட்டால் கை தானாக நீளும். முதலில் ஒரு பக்கெட் வைத்தேன். அது நிரம்பியது. சாம்பார் குண்டான் வைத்தேன், நிரம்பியது. குக்கர், டிபன் கேரியரின் நான்கு அடுக்கு, எல்லாம் நிரம்பின. இனி வைக்கப் பாத்திரம் இல்லை என்றானதும் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடினேன்.

"சொட்டணும்னு சொன்னாரே?"

"பாவம்மா, அவர் டெக்சஸ் ஆளாவே மாறிட்டார்."

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. "இவங்க சப்ளை லட்சணத்தப் பாரு. நல்லவேளை நான் பிடிச்சு வெச்சேன்" என்றேன். அந்தத் தண்ணீரில்தான் ஐந்து சாதமும் ஆயிற்று. காலை ஒன்பது மணிவரை நான்தான் அந்த வீட்டின் தீர்க்கதரிசி.

பிறகு வெயில் ஏறியது. அட்டிக் குழாயில் உறைந்திருந்த ஐஸ் இளகியது. இரவு உறைந்ததில் குழாய் எங்கே வெடித்திருந்தது என்பதை ஹால் கூரை காட்டிக்கொடுத்தது. மணை போட்டு, தட்டில் வளையல் அடுக்கியிருந்த இடத்துக்கு நேர் மேலே சீலிங் பூரி மாதிரி உப்பியது. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிய்ந்து விழுந்தது. கூடவே கூரைக்குள் அடைத்திருந்த பஞ்சு, ரோஸ் கலரில், ஈரப் பஞ்சுமிட்டாயாக மணையில் வந்து உட்கார்ந்தது.

மெயின் வால்வை மூட ஓடினேன். அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சிங்க்குக்குக் கீழே தேடினேன், கராஜில் தேடினேன், டாய்லெட்டுக்குப் பின்னால் இருந்த எதையோ திருகினேன். சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அங்கிள் சத்தம் கேட்டு வந்து, கோட் சூட்டோடு தெருவோரம் முட்டி போட்டு, மண்ணில் இருந்த ஒரு மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததைத் திருகினார். தண்ணீர் நின்றது.

"இங்கதான் இருக்கும் தம்பி" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அங்கிளின் மனைவி, ஆன்ட்டி, அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. "சாதத்தத் தூக்குங்க, நம்ம ஹால்ல வெச்சிருவோம்" என்றார். மாதா படத்துக்குக் கீழே மணை போட்டார்கள். தாமதமாக வந்த ஒவ்வொருவருக்கும் என் கதையை முதலிலிருந்து சொன்னார்கள்; முப்பது பேரும் சிரித்தார்கள். மனைவியின் இரண்டு கையும் முழங்கை வரை வளையலால் நிறைந்தன.

நான் என் வீட்டில் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு வந்து அவர்கள் வாசலில் நின்றபோது மதுரையிலிருந்து மனைவிக்கு அவள் அம்மாவின் போன்.

"எல்லாம் நல்லா நடந்துச்சும்மா. அழாத. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹால்ல வெச்சோம். எங்க ஹால்ல இடம் பத்தலம்மா. அவரா? நல்லா பாத்துக்கிட்டார்."

போனை வைத்தவள் என்னைத் தாண்டி ஆன்ட்டியிடம் போனாள். என்னிடம் அவள் நேராகப் பேசியது செவ்வாய்க்கிழமை.