இரண்டு பெக் என்று நான் சொன்னது

முதலியார்பேட்டையில் அண்ணன் வீட்டுத் தெருமுனைப் பால் பூத்காரர் என் கணவரைப் பார்த்தால் "போன்ழூர் முசியே" என்பார். தினமும். ரமோன் அவருக்கு "புவெனோஸ் தியாஸ்" என்று பதில் சொல்வார். அதுவும் தினமும். தாம் சொன்னது மற்றவருக்குப் புரிந்துவிட்டது என்ற திருப்தியில் இருவரும் சிரித்துக்கொள்வார்கள். இவர் ஸ்பெயின்காரர், பிரெஞ்சு தெரியாது என்று நான் இரண்டு முறை விளக்கிப் பார்த்தேன். "பக்கத்துப் பக்கத்து ஊர்தானே மேடம், இதுகூடவா தெரியாம இருப்பாரு?" என்று கேட்டார் பூத்காரர். பாண்டிச்சேரியில் வெள்ளைத் தோல் என்றால் பிரெஞ்சுதான், அதற்கு மேல் விசாரணை கிடையாது. முதல் வாரம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. போகப் போக இதே விஷயம் பயமுறுத்த ஆரம்பித்தது. இந்த ஊரில் என் கணவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த ஒரே ஆள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஊரைவிட்டுப் போய் அப்போது ஒன்பது வருடமாகியிருந்தது. பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்றுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் பிரான்ஸ் போனவள், அங்கே ஸ்பெயின் ஆட்களோடு சில மாதக் கட்டட வேலைக்கு வந்திருந்த ரமோனைச் சந்தித்து, சைகையிலேயே பழகி, அவர் ஊரான வலென்சியாவுக்கே மருமகளாகப் போய்விட்டேன். வலென்சியாவில் குடி என்பது ஒளித்து வைக்கிற பொருள் அல்ல. காலை ஏழு மணிக்குக் காப்பிக் கடையில், கோவிலுக்குப் போகிற வயதான அம்மாள்கூட காப்பியில் ஒரு சொட்டு பிராந்தி விட்டுக் குடிப்பாள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பு மாதிரி ஒயின் இருக்கும். எல்லோரும் குடிக்கிற ஊரில் ஒருவன் அளவு மீறிப் போவது சட்டென்று தெரியாது. எனக்குத் தெரிவதற்கே மூன்று வருடம் ஆனது. நம் ஊரில் நேர்மாறு. கடைக்கு முன்னால் முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்று குடிக்கிறார்கள், குடித்தவன் விழுந்தால் தாண்டிப் போகிறோம். இரண்டு ஊரிலும் அதைப் பற்றிப் பேச யாரும் பழகவில்லை என்பது மட்டும் ஒன்று.

வலென்சியாவில் ரமோனை ஒரு சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனது அவர் அம்மா. அந்தம்மாவும் டாக்டரும் ரமோனும் பேசுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான் அப்போது எனக்கு ஸ்பானியம் வரும். ஒருமுறை அங்கிருந்த நர்ஸ் என் கையைப் பிடித்து, நீ எப்படி இருக்கிறாய் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "பியென், பியென்" என்றேன். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதுதான் எனக்குத் தெரிந்த பதில். அவள் அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நான் சாப்பிட்டிருக்கவில்லை. புரியாமல் உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். சின்னப் பெண், உலகம் தெரியாது.

அந்த மையமும், வாரம் இரண்டு நாள் அவரைப் போன்றவர்கள் கூடிப் பேசும் கூட்டமும் சேர்ந்து ரமோனை மீட்டெடுத்தன. பதினான்கு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்குள் நானும் மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவர் வேலை பார்த்த, கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை சில மாதம் மூடப்பட்டபோது, சரி, நான்கு மாதம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பி வந்தோம். ரமோனின் குடியைப் பற்றி அண்ணனுக்கு நான் மூச்சுவிட்டதில்லை. வேற்று நாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டதற்கே ஊர் அண்ணனைக் கேட்டிருந்த கேள்விகள் போதும். அவனும் குடிகாரன் என்று வேறு சொல்லி அண்ணன் தலையில் இடியை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கை முழுக்க எண்ணெய்க் கறை, மனசு முழுக்க மரியாதை. வீட்டு மாப்பிள்ளை முதல்முறை வந்திருக்கிறார், விருந்து வைக்காமல் விடுவாரா? வந்த மறுநாள் மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், மீன், எல்லாம் பரிமாறி, இலைக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு விஸ்கி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். தான் குடிக்காதவர். யார் யாரிடமோ விசாரித்து நல்ல சரக்காகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

"மாப்ளைக்கு நம்ம ஊரு சரக்கு ஒத்துக்குமோ என்னமோன்னுதான் இத வாங்கியாந்தேன். கூச்சப்படாம சாப்புடச் சொல்லு கலா."

ரமோன் பாட்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இவர் குடிக்க மாட்டார் அண்ணா, உடம்புக்கு ஆகாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணி சிரித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிறாள், அண்ணன் முகத்தில் அத்தனை பெருமை. நான் ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். ரமோன் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அந்த மத்தியானத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டியில் மதுக்கடையைத் தேடி அலைய வேண்டாம், வழி தவறினாலே ஒன்றில் போய் நிற்போம். ஒரு மாதத்தில் ரமோன் காலையில் பல் விளக்கும் முன்பே குடிக்க ஆரம்பித்திருந்தார். வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் படுத்தே கிடக்கிறார் என்று நம்பினார்கள். நானும் மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அவர் நடுங்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "என்னால் தனியாக நிறுத்த முடியாது, டாக்டரிடம் கூட்டிப் போ" என்றார். அந்த நிமிடம் எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. தானே கேட்கிறாரே.

அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். "கொஞ்சம் குடி கூடிப்போச்சுபோல" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன். நம் ஊரில் டாக்டர் அறைக்குள் நோயாளி தனியாகப் போகிற வழக்கம் ஏது? அண்ணனும் உள்ளே வந்து சுவரோரம் கைகட்டி நின்றார். டாக்டர், தினமும் எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்டார். நான் ஸ்பானியத்தில் கேட்டேன். ரமோன் எதையும் மறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் எவ்வளவு, பத்து மணிக்கு எவ்வளவு, எங்கே ஒளித்து வைக்கிறார், மொத்தம் ஒரு முழு பாட்டில், சில நாள் அதற்கு மேலும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். குடிகாரன் உண்மையைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்படி ஒருவனோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் திரும்பினேன். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயந்தரத்துல ரெண்டு பெக் சாப்புடுவாரு டாக்டர்."

"அவரு என்னமோ நெறைய பேசுனாரேம்மா?"

"அவங்க பாஷையே அப்படித்தான் டாக்டர். நீளமா வரும்."

டாக்டர் தலையாட்டினார். தூக்கத்துக்கும் சத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, இன்றோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ரெண்டு பெக் குடிக்கிறவருக்கு அது போதுமான வைத்தியம்தான். வெளியே வரும்போது ரமோன் கேட்டார், "எல்லாம் சொன்னாயா?" சொன்னேன் என்றேன். அவர் என் நெற்றியில் முத்தமிட்டார். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குடியை நிறுத்திய முதல் நாள் வியர்வையும் நடுக்கமும் மட்டும். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் சட்டையைக் கழற்றி உடம்பைத் தட்ட ஆரம்பித்தார். "ஓர்மிகாஸ், ஓர்மிகாஸ்" என்றார். எறும்பு. ஒரு எறும்பும் இல்லை. அப்புறம் மூலையைப் பார்த்து, செத்துப்போன அவர் அப்பாவிடம் பேசினார். கதவைத் திறந்து விடுங்கள் அப்பா, மூச்சு முட்டுகிறது என்று கெஞ்சினார். அண்ணி பூஜை அறையிலிருந்து விபூதி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"காத்து கருப்பு அடிச்சிருக்கு கலா. என்னா சொல்றாரு? யாரு வந்திருக்கறதா சொல்றாரு?"

மற்றவர்கள் பார்த்தது ஏதோ உளறுகிற ஒரு வெள்ளைக்காரரை. அவர் எந்த அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகத் தெரிந்தது. என் பொய்தான் அவரை அதற்குள் தள்ளியது என்பதும் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. செத்துவிடுவார் என்று நினைத்தேன். நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தார். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ரமோனுக்கு வலிப்பு வந்துவிட்டது. என் மடியில் அவர் தலை அடித்துக்கொண்டது.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் ஓடி வந்தார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதும், என்னை முந்திக்கொண்டு அண்ணன் பதில் சொன்னார். "சாயந்தரத்துல ரெண்டு பெக்தாங்க டாக்டர். அதயும் நிறுத்திட்டாரு." தன் தங்கை சொன்னது, அதில் பொய் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? டாக்டர் எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

"இல்ல டாக்டர்," என்றேன். "ஒரு நாளைக்கு முழு பாட்டில். காலையிலேருந்து. ஒரு மாசத்துக்கு மேல. முன்னாடி ஸ்பெயின்லயும் இதுக்கு வைத்தியம் பார்த்திருக்கோம். நான் பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "இவ்ளோ குடிக்கறவரு திடீர்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்தும்மா. எவ்ளோ குடிச்சாருங்கறத வச்சுத்தான் மருந்தே குடுக்கறோம்" என்று சொல்லிவிட்டு ஊசிக்கு ஓடினார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த பாட்டில நான்தானே வாங்கியாந்து வச்சேன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே கலா" என்றார். அவ்வளவுதான். என்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தெரியவில்லை.

நாலு நாளில் ரமோனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் மாத்திரை உடம்போடு முடிந்துவிடும், மிச்ச வைத்தியம் பேச்சில்தான் என்றார்கள். அந்தப் பேச்சைத் தேடி நானும் அண்ணனும் அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில், "எங்ககிட்ட எல்லாம் தமிழ்தாம்மா, இவரு இங்க வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்" என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தாமும் ஒரு காலத்தில் குடித்தவர், கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து ரமோனிடம் அரை மணி நேரம் பிரெஞ்சில் மனம்விட்டுப் பேசினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ரமோன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். பெரியவர் போன பிறகு, "அந்த நல்ல மனிதர் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார். சர்ச் கூடம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குப் போனோம். ஆண்கள் தங்கள் குடியைப் பற்றிப் பேசப் பேச, நான் ரமோன் காதில் மொழிபெயர்த்தேன். ஒரு பொம்பளை உட்கார்ந்து முணுமுணுக்கிற இடத்தில் அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? மூன்றாவது ஆளோடு பேச்சு நின்றுவிட்டது.

நானே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன், கவுன்சலிங் கொடுங்கள் என்று அந்தப் பெண் டாக்டரிடமே கேட்டேன். இந்த முறை ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

"நீங்க மாத்த மாட்டீங்கம்மா. ஆனா ஒங்களப் பத்தி அவரு பேசணும்னா, ஒங்க வாயாலயா பேசுவாரு?"

ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகு, கிளினிக்கில் நான் என்ன சொன்னேன் என்று ரமோன் என்னிடம் கேட்கவே இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் கட்டிலில் படுத்துக் கிடந்தது.

டாக்டர்தான் வழி சொன்னார். வலென்சியாவில் ரமோனோடு கூட்டத்தில் இருந்தவர்கள் யாராவது தொலைபேசியில் பேசுவார்களா? பாக்கோ என்று ஒருவர், லாரி ஓட்டுநர், ரமோனைவிட ஆறு வருடம் முன்பே குடியை நிறுத்தியவர். அழைத்துச் சொன்னதும், தினமும் பேசுகிறேன் என்றார். அண்ணன் வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. தினமும் பதினொரு மணிக்குத் தெருமுனை ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கூட்டிப் போவோம். வலென்சியாவில் அப்போது விடிந்திருக்கும்.

முதல் நாள் ரமோன் கண்ணாடிக் கூண்டுக்குள் போனதும் நான் வெளியே முக்காலியில் உட்கார்ந்தேன். முதலில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு அழுதார். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தார். கிளினிக்கில் நான் செய்ததைச் சொல்கிறார் என்று தெரிந்தது. இதற்குப் பிறகு இவர் எனக்கு யாராக இருப்பார், நான் இந்த வீட்டில் யார், அந்த ஊரில் யார் என்று ஒன்றும் தெரியாத பயம்.

"மாப்ள என்னா சொல்றாரு கலா?" என்றார் அண்ணன்.

உள்ளே புழுக்கம் தாங்காமல் ரமோன் காலால் கதவைக் கொஞ்சம் தள்ளினார். இடுக்கு வழியாக ஸ்பானியம் வெளியே வந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிகிற ஸ்பானியம். "மி முஹேர்" என்று ஆரம்பித்தார். என் மனைவி. நான் எழுந்து போய், அந்தக் கதவை அழுத்திச் சாத்திவிட்டு, ஒன்றும் புரியாத அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன்.