மகள் குரலில் குறை சொன்னேன்

பிள்ளைகளே, எங்கள் வீடு வில்லாபுரத்தில். வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் கிடைத்ததும், என் மகள் செல்வி வாடிப்பட்டியில் அதே மாதிரி ரேடியோ வைத்திருக்கும் என் நண்பர் ராசுவை அதில் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை.

"வாய்க்குள்ளயே பேசுனா எப்படிக் கேக்கும்? கத்திப் பேசு" என்றேன். கத்தியதில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இனிமே பேச மாட்டேம்ப்பா" என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ராசு, மாடியேறி ஆன்டெனா கேபிளைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, டி.வி.க்குப் போட்ட மிச்சக் கேபிளை முறுக்கி ஒட்டுப்போட்டு வச்சிருக்க. மழைத்தண்ணி வேற எறங்கிருக்கு. பாப்பா பேசுனது அம்புட்டும் இதுலயே போயிருச்சு. அவளையா வைஞ்ச?"

செல்வி பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ரேடியோவுக்கென்றே விற்கும் ஐம்பது ஓம் கேபிளை ஒட்டில்லாமல் இழுத்தோம். இப்போது அவள் மெதுவாகப் பேசினாலே வாடிப்பட்டியில் கேட்கிறது. கேட்காத நாளில் அவளைக் கத்தச் சொல்வதில்லை. முதலில் நான் மாடிக்குப் போகிறேன்.