அருள்நாதன் வீட்டு நாயக்கர் காசு

பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அடைக்கலராஜுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழங்காசுப் பைத்தியம் மட்டும் உண்டு. மலைக்கோட்டையடியில் காஜா மைதீனின் பழைய பாத்திரக் கடைக்குப் போய், உருக்கப் போகிற செம்பைக் கிளறிக் கிளறி, ஆற்காட்டு நவாபு காசு, கும்பினிக் காசு, டச்சுக்காரன் காசு என்று ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்திருந்தார். இந்தச் சீமையை யார் யார் ஆண்டார்கள் என்று அந்த டின்னைத் திறந்தே சொல்லிவிடுவார்.

அணா போய் நயாபைசா வந்த வருஷம், ஊரில் பலருக்குப் பழங்காசு மேல் ஆசை வந்தது. அடுத்த வீட்டு அருள்நாதனுக்கும் வந்தது. அதில் குற்றமில்லை. போன முதல் நாளே, அதே கடையில், நாயக்கர் காலத்துக் காசு ஒன்று அவர் கையில் அகப்பட்டதுதான் குற்றம். ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் எழுத்து. அடைக்கலராஜ் வருஷக்கணக்காகத் தேடிய காசு. மாதா கோயில் திருநாள் கண்காட்சியில் அதைத்தான் நடுவில் வைக்கவேண்டும், அடைக்கலராஜின் காசுகள் ஓரமாக இருக்கட்டும் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். வயிறு எரிந்தது மனுஷனுக்கு. சோறு இறங்கவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, அருள்நாதனின் மனைவி லூர்துராணி குழாயடியில் தனியாக நின்றாள்.

"ஏம்மா, ஊரே பார்க்க வருது. அந்தக் காசு கறுத்துப் போய்க் கிடக்கே. புளியும் செங்கப்பொடியும் போட்டு, குடம் துலக்குற மாதிரி நல்லா தேய்ச்சு வையேன்" என்றார் அடைக்கலராஜ்.

தேய்ந்த செம்பில் செங்கல் பொடி பட்டால் உருவமும் எழுத்தும் சேர்ந்தே போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அன்று முழுக்க ஆபீசில் சிரித்த முகமாகவே இருந்தார்.

மாலையில் வீடு திரும்பியதும் அவர் மனைவி ரோசம்மாள் ஒரு முறத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். டின்னில் இருந்த காசெல்லாம் அதில் பளபளத்தன. நவாபு எது, கும்பினி எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"லூர்துராணிதாங்க சொன்னா. அவ வீட்டுக்காரர் காசைப் பெட்டியில பூட்டிச் சாவியைக் கையோட கொண்டு போயிட்டாராம். 'அண்ணன் சொன்ன பக்குவம், நீங்களாவது செய்ங்கக்கா'ன்னா. மத்தியானத்திலேர்ந்து தேய்க்கிறேன், விரலெல்லாம் எரியுது. நல்லா இருக்காங்க?"

அடைக்கலராஜ் முறத்தை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.