மூன்று முறை தேறாதவர்

தொண்ணூறுகளில், கருமத்தம்பட்டி பால்வாடியில் நான் நடத்திய மாலை எழுத்தறிவு வகுப்புக்கு ஓர் அக்கா தறிக்குடோனிலிருந்து நேராக வருவார். தலையெல்லாம் பஞ்சு. தறிச் சத்தத்தில் பழகியதால் எதையும் உரக்கத்தான் பேசுவார். வடை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிப்பார். தேர்வில் மட்டும் மூன்றாம் முறையும் வெற்றுத்தாளை நீட்டினார்.

"நல்லாப் படிக்கிறீங்க, எழுதுனா என்னங்கக்கா?" என்றேன்.

அன்றுதான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "பாஸாயிட்டா அப்பறம் கிளாஸ் எதுக்கும்பாங்க டீச்சர். தறியை உட்டா ஊடு. இந்த ஒரு மணி நேரந்தானுங்க வெளிய உடறாங்க."

தேறவில்லை என்றே நானும் எழுதினேன். மற்ற எல்லோரும் தேறிவிட்டதால், ஒருவருக்காக நடத்த முடியாதென்று அதிகாரிகள் வகுப்பையே மூடிவிட்டார்கள்.

அதை அவர் வீட்டில் சொல்லவில்லை போலும். அடுத்த வாரம் வகுப்பு நேரத்தில் அவ்வழியே போனபோது, பூட்டிய பால்வாடி வாசலில் சிலேட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார்.